சிங்கப்பூரில் வடிகால் வரைபடத்தைப் படிக்கத் தொடங்குவோருக்கு

கட்டுமான நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர், கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தேக்கா பக்கம் கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுக்க நினைக்கும் வணிகர், பழைய தரைவீட்டை இடித்துக் கட்டப்போகும் குடும்பத்தினர் ஆகிய அனைவரும் என்றாவது ஒருநாள் வடிகால் வரைபடத்தையோ, நாட்டின் நீருக்கும் வடிகாலுக்கும் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கடிதத்தையோ கையில் எடுத்துக்கொண்டு திகைத்து நிற்க நேரிடும். அதிலுள்ள சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே கடினமானவை அல்ல. எந்தச் சொல் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பது பிடிபடாததே சிக்கல். ஆகையால் அகரவரிசையைக் கைவிட்டு, மழைத்துளி விழுவதிலிருந்து கடலைச் சேரும் வரை நீர் போகும் வழியிலேயே சொற்களையும் இங்கே அறிமுகப்படுத்துகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எல்லா மழையையும் தாங்கும்படி எந்த நாட்டிலும் வடிகால் கட்டுவதில்லை. குறிப்பிட்ட ஓர் அளவு வரை தாங்கும்படி கட்டுகிறார்கள். அந்த அளவு என்ன, அதற்கு மேல் வரும் நீரை யார் எங்கே ஏற்றுக்கொள்வது என்ற இரு கேள்விகளுக்கு விடையாகத்தான் இத்துறையின் பெரும்பாலான சொற்கள் உருவாகியிருக்கின்றன.

முதற்படி: மழையை இரண்டு வகையாக அளந்து பாருங்கள்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்வதாகச் சொல்வார்கள். வடிகால் திட்டமிடுபவருக்கு இந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. மொத்த மழையளவு என்பது ஒன்று. மழைச்செறிவு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகக் கணக்கு, வேறொன்று. 1978 டிசம்பர் 2 அன்று 24 மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவாகி, எழுவர் உயிரிழந்தனர். அதைச் சராசரியாகப் பிரித்தால் மணிக்கு 21 மில்லிமீட்டர் வரும். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியபோது பெய்தது இரண்டு மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் சராசரிச் செறிவோ மணிக்கு 50 மில்லிமீட்டர். பெரிய ஆற்றுப் படுகையை மொத்த மழை நிரப்பும். நகரத்துச் சிறு வடிகாலைத் தோற்கடிப்பது பெரும்பாலும் செறிவுதான்.

தமிழகத்திலிருந்து வருவோர் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் நேர்ந்ததைப் போல, மேலிருக்கும் ஏரிகள் நிரம்பி, திறந்துவிட்ட நீர் ஆற்றில் பெருகி ஊருக்குள் புகுவதே நம்மில் பலருக்கு வெள்ளம் என்றால் நினைவுக்கு வருவது. இங்கே அண்டை மாநிலமும் இல்லை, மலையிலிருந்து இறங்கும் பேராறும் இல்லை. தலைக்கு மேல் பெய்த மழை அரை மணி நேரத்துக்குள் காலடியில் தேங்குவதே இங்கு வெள்ளம். அதனால்தான் செய்திகளில் 'திடீர் வெள்ளம்' என்ற சொல் இவ்வளவு அடிபடுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேர அளவில் வடிந்துவிடும். ஆனால் நிலவறைக் கார் நிறுத்துமிடம் நிரம்புவதற்கு அந்த ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.

பருவத்தையும் இதனுடன் சேர்த்துப் படிக்கலாம். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நாள் கணக்கில் விட்டு விட்டுப் பெய்யும் 'பருவமழைப் பெருக்கு' ஏற்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ காற்றுடன் வந்து கொட்டிவிட்டுப் போகும் சுமத்ரா ஸ்குவால் வரும். முன்னது மொத்த அளவாலும் பின்னது செறிவாலும் தொல்லை தரும்.

இரண்டாம் படி: உங்கள் நீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு வடிகாலின் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு வந்துசேரும் மழைநீர் எவ்வளவு நிலப்பரப்பில் விழுகிறதோ அது அந்தப் புள்ளியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. வரைபடத்தில் ஹெக்டர் கணக்கில் எழுதியிருப்பார்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பள்ளிப் புத்தகங்களிலும் செய்திகளிலும் வருவது வேறு கணக்கு. அது 17 நீர்த்தேக்கங்களுக்கு நீர் சேரும் நிலத்தைக் குறிக்கிறது. உங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே ஓடும் லோங்காங்கின், அதாவது சிறு வடிகாலின், நீர்ப்பிடிப்புப் பகுதி இரண்டு ஹெக்டராக இருக்கலாம்; அதே நீர் கடைசியில் சேரும் மரினா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியோ சுமார் 10,000 ஹெக்டர், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு.

சிங்கப்பூரில் மழைநீரும் கழிவுநீரும் தனித்தனிக் குழாய்களில், தனித்தனி வழிகளில் ஓடுகின்றன என்பதையும் புதியவர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வாளித் தண்ணீரைத் திறந்த வடிகாலில் கொட்டும் பழக்கம் இங்கே குடிநீரில் கொட்டுவதற்குச் சமமாகலாம். நாட்டின் வடிகால்கள், கால்வாய்கள், ஆறுகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளம் வரும். அவற்றில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களில்தான் முடிகிறது.

மூன்றாம் படி: ஓடுநீரைக் கணக்கிடுங்கள்

விழுந்த மழை முழுவதும் வடிகாலுக்கு வந்துவிடாது. மண் கொஞ்சம் குடிக்கும், புல்லும் இலையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், மீதி வழிந்தோடும். அந்த மீதிதான் ஓடுநீர். விழுந்ததில் எவ்வளவு பங்கு ஓடுநீராகிறது என்பதைக் காட்டும் எண் ஓடுநீர்க் குணகம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் மேற்பரப்பு வடிகால் நடைமுறை விதித்தொகுப்பு, தார் போட்ட சாலைக்கும் தளம் பாவிய இடத்துக்கும் 1.00 என்றும், நெருக்கமாகக் கட்டப்பட்ட நகர்ப்புறத்துக்கு 0.90 என்றும், அவ்வளவு நெருக்கமில்லாத குடியிருப்புக்கு 0.65 என்றும், மீன்குளமும் காய்கறித் தோட்டமும் உள்ள நாட்டுப்புறத்துக்கு 0.45 என்றும் வரையறுக்கிறது.

கணக்கு மிக எளிது. குணகத்தை மழைச்செறிவாலும் பரப்பாலும் பெருக்கி 360-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்று கிடைத்துவிடும். செறிவு மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் பரப்பு ஹெக்டரிலும் இருக்க வேண்டும். ஒரு ஹெக்டர் நிலத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் செறிவில் மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். அங்கே காய்கறித் தோட்டம் இருந்த காலத்தில் நொடிக்கு 0.125 கன மீட்டர், அதாவது 125 லிட்டர் வடிகாலுக்கு வந்திருக்கும். அதே இடத்தில் நெருக்கமாகக் கட்டடங்கள் எழுந்தபின் 250 லிட்டர் வரும். மழை மாறவில்லை, நிலமும் மாறவில்லை, வடிகாலுக்கு வரும் நீர் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. நகரமயமாதல் வெள்ளத்தைக் கூட்டுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் உட்பொருள் இந்த ஒரு பெருக்கலில் அடங்கிவிடுகிறது.

இதே கணக்கில் வரும் இன்னொரு சொல் 'குவிநேரம்'. நீர்ப்பிடிப்புப் பகுதியின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த நீர் நாம் பார்க்கும் புள்ளிக்கு வந்துசேர எடுக்கும் நேரம் அது. குவிநேரம் குறைவாக இருந்தால் எல்லா மூலைகளிலிருந்தும் நீர் ஒரே வேளையில் வந்து மோதும். ஆகவே அதிகச் செறிவை எடுத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். எந்த நேர அளவுக்கு எந்தச் செறிவு என்பதைச் செறிவு, கால அளவு, நிகழ்தகவு ஆகிய மூன்றையும் இணைக்கும் வளைகோட்டில் பார்த்துக்கொள்ளலாம். அலுவலகங்களில் அதை ஐடிஎஃப் கர்வ் என்றே சொல்வார்கள்.

நான்காம் படி: 'பத்தாண்டு மழை' என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். வடிகால் பேச்சில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் மீள்வருகைக் காலம்தான்; 'பத்தாண்டு மழை' என்பதிலுள்ள பத்தாண்டு அதுவே. கூட்டங்களில் சண்டை மூள்வதும் பெரும்பாலும் இதனால்தான். 'இந்த வடிகால் பத்தாண்டு மழைக்குக் கட்டப்பட்டது' என்று பொறியாளர் சொன்னதும், கேட்பவர் 'அப்படியானால் போன வருடம் மூழ்கியது, இனி ஒன்பது வருடம் கவலையில்லை' என்று எண்ணிக்கொள்கிறார். மறு ஆண்டே மூழ்கினால், பொறியாளர் பொய் சொன்னதாகக் கோபப்படுகிறார்.

பத்தாண்டு மழை என்றால், எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அந்த அளவு செறிவை எட்டுகின்ற அல்லது மிஞ்சுகின்ற மழை பெய்ய பத்து விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருள். அவ்வளவுதான். சென்ற ஆண்டு பெய்ததா இல்லையா என்பது இந்த ஆண்டின் வாய்ப்பைத் தொடுவதில்லை. பத்து ஆண்டுகள் ஓரிடத்தில் கடை நடத்தினால், அதற்குள் ஒரு முறையாவது பத்தாண்டு மழையைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 65 விழுக்காடு. முப்பது ஆண்டு வீட்டுக் கடன் எடுத்தவருக்கு, கடன் அடைந்து முடிவதற்குள் ஐம்பதாண்டு மழையைப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு. நூறாண்டு மழைக்கே கூட 26 விழுக்காடு. நூறாண்டு என்ற சொல்லைக் கேட்டதும் 'நம் காலத்தில் இல்லை' என்று தள்ளிவிடுபவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு உரிய வடிகாலைப் பத்தாண்டு மழைக்கும், பெரிய கால்வாய்களை இருபத்தைந்து அல்லது ஐம்பதாண்டு மழைக்கும் வடிவமைப்பது இங்குள்ள வழக்கம். சுரங்கப்பாதை, விமான ஓடுதளம் போன்றவற்றுக்கு அதற்கும் மேல், நூறாண்டு வரை போவார்கள். ஏன் எல்லாவற்றையும் நூறாண்டு மழைக்கே கட்டிவிடக் கூடாது என்று கேட்கத் தோன்றும். கட்டலாம், ஆனால் அகலமான வடிகாலுக்கு நிலம் வேண்டும், 730 சதுர கிலோமீட்டர் அளவிலான நாட்டில் அந்த நிலத்தைச் சாலையும் வீடும் பள்ளியும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகையால் மீள்வருகைக் காலம் என்பது பொறியியல் எண் போலத் தோன்றினாலும், எவ்வளவு ஆபத்தைச் சமூகம் ஏற்றுக்கொள்கிறது என்ற முடிவே அதில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

இதில் மறைந்திருக்கும் மற்றொரு நுட்பம், அந்தப் பத்தாண்டு மழையே ஒரே அளவில் நிற்பதில்லை என்பது. அதைக் கடந்தகால மழைப் பதிவுகளிலிருந்து எடுக்கிறார்கள். பதிவுகள் மாறினால் அளவும் மாறும். 2011-இல் விதித்தொகுப்பு திருத்தப்பட்டபோது, புதிய வடிகால்கள் முன்பைவிட 15 முதல் 50 விழுக்காடு வரை அதிகச் செறிவைத் தாங்க வேண்டும் என்று ஆக்கப்பட்டது. ஆகவே பழைய வடிகாலைப் பற்றிய கோப்பில் 'பத்தாண்டு' என்று கண்டால், எந்த ஆண்டின் கணக்குப்படி என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: வடிகாலின் கொள்ளளவைப் பாருங்கள்

வரும் நீரைக் கணக்கிட்டாயிற்று; அதைக் கொண்டுபோகும் திறனை இனிப் பார்க்க வேண்டும். வடிகாலின் அகலம், ஆழம், சரிவு, உட்புறத்தின் சொரசொரப்பு ஆகிய நான்கும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. கான்கிரீட் வடிகாலுக்கு, நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் 0.015 என்ற சொரசொரப்பு எண்ணை எடுப்பார்கள். நீர் மிக மெதுவாக ஓடினால் மண் படியும், மிக வேகமாக ஓடினால் சுவர் அரிக்கும் என்பதால் வேகத்துக்கும் கீழெல்லை, மேலெல்லை உண்டு. கணக்கிட்ட நீர்மட்டத்துக்கு மேலே காலியாக விடப்படும் உயரத்தை ஃப்ரீபோர்ட் என்பார்கள். வடிகாலின் ஆழத்தில் 15 விழுக்காடு அதற்கு ஒதுக்கப்படும். அதைப் பார்த்து 'வீணாக ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்' என்று சொல்பவர்கள், அலை, குப்பை, கணக்கின் பிழை அனைத்துக்கும் அதுவே இடம் தருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தாளில் உள்ள கொள்ளளவும் தரையில் உள்ள கொள்ளளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சாலையோர விளிம்பில் நீர் இறங்கும் துளைகளை இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால், கீழே வடிகால் பாதி காலியாக இருக்கும்போதே மேலே சாலையில் நீர் தேங்கும். அதைக் கண்டு வடிகால் சிறியது என்று முடிவுகட்டுவது தவறு. வெள்ளம் வந்த இடத்தைப் பார்வையிடும்போது முதலில் வடிகாலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ள மேற்பார்வையாளர்கள் சொல்வது இதனால்தான்.

கடலோரத் தாழ்நிலங்களில் கடல் ஏற்றமும் கொள்ளளவைத் தின்னும். வடிகாலின் வாயில் கடல்மட்டம் உயர்ந்திருந்தால் நீர் இறங்க வழியின்றிப் பின்னோக்கித் தேங்கும். 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இந்தச் சிக்கலுக்கு நல்ல பாடம். கடல் வற்றியிருக்கும்போது கனமழை பெய்தால் அதன் 9 மதகுகள் தாழ்ந்து நீரைக் கடலுக்கு விடும். கடல் ஏறியிருக்கும்போது மதகுகளைத் திறந்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் இறைக்கக்கூடிய 7 பம்புகள் வேலை செய்யும். சைனாடவுன் போன்ற தாழ்ந்த பகுதிகள் கடலேற்ற வேளையிலும் காக்கப்படுவது இந்த ஏற்பாட்டால்தான்.

ஆறாம் படி: மூலம், பாதை, சேருமிடம் என்று பிரித்துப் பாருங்கள்

ஆர்ச்சர்ட் சாலை 2010-இலும் 2011-இலும் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்ட பிறகு, 2011-இல் நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 2012 ஜனவரியில் அதன் அறிக்கை வெளிவந்தது. அதற்குப் பின் இங்குள்ள திட்டமிடலில் மூலம், பாதை, சேருமிடம் என்ற மூன்று சொற்கள் நிலைத்துவிட்டன. ஓடுநீர் உருவாகும் இடம் மூலம். அது ஓடும் வடிகாலும் கால்வாயும் பாதை. வெள்ளம் வந்தால் பாதிக்கப்படும் கட்டடமும் சாலையும் சேருமிடம். முன்பெல்லாம் பாதையை அகலப்படுத்துவதே முதன்மையான தீர்வாக இருந்தது. இப்போது மூன்றிலும் வேலை செய்ய வேண்டும் என்பது கொள்கை. அதில் மூலமும் சேருமிடமும் பெரும்பாலும் தனியார் நிலத்தில் இருப்பதால், பொறுப்பின் ஒரு பகுதி நில உரிமையாளருக்கும் வந்துவிட்டது.

மூலத்தில் செய்வது என்ன? 2014 முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் புதிதாகக் கட்டுவோரும் மறுமேம்பாடு செய்வோரும் தங்கள் நிலத்திலிருந்து வெளியேறும் உச்ச ஓடுநீரைக் கட்டுப்படுத்த வேண்டும். பத்தாண்டு மழையில் அது 0.55 குணகத்துக்கு ஈடான அளவைத் தாண்டக் கூடாது. மூன்றாம் படியில் கண்ட கணக்கில் 250 லிட்டராக இருந்தது இதனால் ஏறத்தாழ 153 லிட்டராகக் குறையும். மீதியை எங்கே வைப்பது? அதற்கே தடுப்புத் தொட்டி, களத்தில் டிடென்ஷன் டேங்க். மழை உச்சத்தில் இருக்கும்போது நீரைப் பிடித்து வைத்து, வடிகாலில் இடம் கிடைத்தபின் மெல்ல விடுவது அதன் வேலை.

இதை மழைநீர் சேமிப்புத் தொட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சேமிப்புத் தொட்டி நிறைந்திருந்தால் மகிழ்ச்சி. தடுப்புத் தொட்டி அடுத்த மழைக்கு முன் காலியாக இருந்தால்தான் பயன். செடிக்கு ஊற்ற உதவுமே என்று தடுப்புத் தொட்டியின் நீரை நிறுத்தி வைக்கும்படி பணிப்பவர்கள், தொட்டிக்குச் செலவழித்த பணத்தை வீணாக்குவதோடு கொசுவுக்கும் இடம் கொடுக்கிறார்கள். நிர்வாகக் குழுவில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, 'தொட்டி இருக்கிறதா' என்பதைவிட, 'சென்ற மழைக்குப் பிறகு அது காலியானதா, வெளியேற்றும் துளையையும் பம்பையும் கடைசியாக எப்போது சோதித்தார்கள்' என்பதே.

பெரிய அளவில் இதே தத்துவத்தைக் காண விரும்பினால், சிங்கப்பூர் பூமலையின் ஓரத்தில் நிலத்துக்கடியில் இருக்கும் ஸ்டாம்ஃபர்ட் தடுப்புத் தொட்டியை எண்ணிப் பாருங்கள். 2018-இல் நிறைவடைந்த அதன் கொள்ளளவு 38,000 கன மீட்டர், ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் 15-க்குச் சமம். பெரிய எண்தான். ஆனால் நொடிக்கு 10 கன மீட்டர் வீதம் நீர் உள்ளே வந்தால் 63 நிமிடத்தில் அது நிரம்பிவிடும். தடுப்புத் தொட்டி வெள்ளத்தை விழுங்கிவிடுவதில்லை, உச்சத்தைக் கடக்க நேரம் வாங்கித் தருகிறது. அதனால்தான் அதனுடன் கூடவே, மேற்பகுதியிலுள்ள 240 ஹெக்டரின் நீரை ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் விடாமல் சிங்கப்பூர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் 2 கிலோமீட்டர் திசைதிருப்புக் கால்வாயும் கட்டப்பட்டது. தொட்டி மூலத்துக்கு அருகில் செய்த வேலை; கால்வாய் பாதையில் செய்த வேலை.

பீஷான் அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012-இல் மாற்றியதும் பாதையில் செய்த வேலைதான். மழையின்போது பூங்காவின் புல்வெளியே ஆற்றின் அகலமாகிவிடுகிறது. அங்கே கரையோரம் நடப்பவர்கள் எச்சரிக்கை ஒலி கேட்டால் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர இங்கு அதைப் பற்றி வேறு சொல்லத் தேவையில்லை.

ஏழாம் படி: உயரங்களை ஒப்பிடுங்கள்

சேருமிடத்தைக் காப்பது பெரும்பாலும் உயரத்தைப் பற்றியது. இங்கே இரண்டு சொற்கள் முக்கியம். கட்டடம் எழும் நிலத்தின் உயரம் தள மட்டம். பிளாட்ஃபார்ம் லெவல் என்றால்தான் ஒப்பந்தக்காரருக்குச் சட்டென்று விளங்கும். நிலவறைக்கோ சுரங்கத்துக்கோ நீர் புகக்கூடிய எந்த வாயிலானாலும், அது உள்ளே இறங்குவதற்கு முன் எட்ட வேண்டிய உயரம் முகட்டு மட்டம், அதாவது கிரெஸ்ட் லெவல். முகட்டு மட்டம் குறைந்தபட்சத் தள மட்டத்தைவிடச் சாதாரணக் கட்டடங்களுக்கே குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். நிலவறையுள்ள வணிகக் கட்டடங்களுக்கும் பாதாள ரயில் நிலையங்களுக்கும் விதி இன்னும் கடுமையானது.

கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவுப்பாதை, இறங்கும் முன் ஒரு சிறு மேடேறுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மேடுதான் முகடு. தாழ்வான கார்களின் அடிப்பகுதி இடிக்கிறது என்று புதுப்பிப்பின்போது அதைச் செதுக்கிவிடும்படி கேட்பவர்கள் உண்டு. எக்காரணம் கொண்டும் இணங்கக் கூடாது. முகட்டைச் சோதிக்கும்போது கார் வாயிலோடு நின்றுவிடவும் கூடாது. காற்றுப்போக்கித் திறப்பு, மின்கம்பிக் குழாய் நுழையும் ஓட்டை, பக்கத்துக் கட்டடத்தோடு இணைக்கும் நடைபாதை, பின்புறப் படிக்கட்டு ஆகியவற்றுள் எது மிகத் தாழ்ந்திருக்கிறதோ அதுவே கட்டடத்தின் உண்மையான முகட்டு மட்டம்.

அடுத்து, இந்த உயரங்களை எந்தச் சுழியிலிருந்து, அதாவது எந்தப் பூச்சிய மட்டத்திலிருந்து, அளக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நில அளவை வரைபடங்கள் சிங்கப்பூர் உயர ஆதாரமட்டத்தைப் பயன்படுத்துகின்றன. அதன் சுழி பழைய காலத்துச் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது. கடல் ஏற்ற அட்டவணையோ கப்பலோட்டிகளுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதால் மிகத் தாழ்ந்த வேறொரு மட்டத்திலிருந்து அளக்கிறது. அட்டவணையில் '3.2 மீட்டர்' என்று கண்டு, வரைபடத்தில் உள்ள 3 மீட்டர் நிலம் மூழ்கிவிடும் என்று பதறுவது புதியவர்கள் செய்யும் பிழை. சுழியைப் பொருத்திய பிறகே எண்களை ஒப்பிட வேண்டும்.

தள மட்டம் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டே பொருள் பெறும். 2011-இல் ஆர்ச்சர்ட் சாலையின் 1.4 கிலோமீட்டர் பகுதி சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது. சாலை உயர்ந்தால், நேற்று வரை அதற்குச் சமமாக இருந்த வாசல் இன்று பள்ளமாகிவிடும். அண்டை நிலத்தில் புதிய கட்டடம் உயர எழும்பும்போதும் இதே நிலைதான். எனவே பழைய தரைவீட்டில் இருப்பவர் தன் வாசலின் உயரத்தைச் சாலையின் உயரத்தோடு அவ்வப்போது ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீட்டின் ஐந்தடிப் பாதையையும் முகப்பையும் விரும்பியபடி உயர்த்திக் கட்ட முடியாது. அத்தகைய இடத்தில் கையால் பொருத்தும் வெள்ளத் தடுப்புப் பலகையே நடைமுறைத் தீர்வு. பலகையை வாங்கிக் கிடங்கின் உள்மூலையில் வைத்துவிட்டால் பயனில்லை. வாசலருகில் சுவரில் மாட்டி, இரவுநேர ஊழியர் உட்பட எல்லாரும் ஒரு முறையாவது பொருத்திப் பழக வேண்டும். பலகை வாசலை மட்டுமே காக்கும்; தரையிலுள்ள வடிகுழாய் வழியே நீர் பின்னோக்கி ஏறாதிருக்க ஒருவழி வால்வு இருக்கிறதா என்று குழாய்ப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள்.

நீண்டகால நோக்கில், 2011 முதல் கடலில் நிரப்பும் புதிய நிலம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 3 மீட்டருக்குப் பதிலாக 4 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும் என்று விதி மாறியது. சாங்கி ஐந்தாம் முனையம் 5.5 மீட்டர் உயரத்தில் திட்டமிடப்பட்டுள்ளது. தீவின் ஏறத்தாழ 30 விழுக்காடு நிலம் 5 மீட்டருக்குக் குறைவான உயரத்தில் இருப்பதும், 2100-க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024-இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கணித்திருப்பதும் இதற்குக் காரணம். கரையோரப் பாதுகாப்புப் பொறுப்பும் 2020 முதல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமே உள்ளது.

எட்டாம் படி: பட்டியலையும் எச்சரிக்கையையும் பயன்படுத்துங்கள்

இடம் வாங்குமுன்னோ வாடகைக்கு எடுக்குமுன்னோ கழகத்தின் இணையத்தளத்தில் இரண்டு பட்டியல்களைப் பார்க்கலாம். தாழ்வான நிலமாகவும் ஏற்கெனவே மூழ்கிய வரலாறு உள்ளதாகவும் இருப்பது வெள்ள அபாயப் பகுதி. தாழ்நிலம் அல்லாவிட்டாலும் திடீர் வெள்ளம் கண்ட இடம் ஹாட்ஸ்பாட். முதல் வகை 1970-களில் சுமார் 3,200 ஹெக்டராக இருந்து இப்போது 30 ஹெக்டருக்கும் கீழே வந்துவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாதது நல்ல செய்தி. ஆயினும் நான்காம் படியில் சொன்ன வாய்ப்புக் கணக்கு அங்கேயும் பொருந்தும்.

எச்சரிக்கைகள் இரு கட்டமாக வரும். கனமழை வரப்போகிறது என்று வானிலை ஆய்வகம் சொல்லும். குறிப்பிட்ட வடிகாலில் நீர் ஏறுகிறது என்று கழகம் சொல்லும். வடிகால்களில் பொருத்தப்பட்ட உணர்கருவிகளின்படி, 75 விழுக்காடு நிரம்பும் வரை அபாயம் குறைவு, 75 முதல் 90 வரை மிதமானது, 90-க்கு மேல் அதிகம். உங்கள் கட்டடத்துக்கு அருகிலுள்ள கருவி எது என்பதையும், நீரோட்டத்தில் அதற்கு மேலே உள்ள கருவி எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளது முன்னதாகவே உயரும் என்பதால், சில நிமிடங்கள் கையில் கிடைக்கும். தடுப்புப் பலகையைப் பொருத்த உங்கள் ஊழியருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து, 75-இல் கிளம்புவதா 90-இல் கிளம்புவதா என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். 100 விழுக்காட்டுச் செய்தி வந்த பிறகு செய்வதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

ஒன்பதாம் படி: கட்டத் தொடங்குமுன் தாள்களைச் சரிபாருங்கள்

வரைபடத்தில் உங்கள் நிலத்தின் ஓரமாக ஒரு பட்டை 'வடிகால் ஒதுக்கீடு' என்று குறிக்கப்பட்டிருந்தால், இப்போதுள்ள அல்லது இனி வரப்போகும் வடிகாலுக்காக அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் சுவரோ கொட்டகையோ எழுப்ப முடியாது. வடிகாலைத் தொடும் எந்த வேலைக்கும் தகுதிபெற்ற பொறியாளரோ கட்டடக்கலைஞரோ கழகத்திடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். மண் தோண்டும் வேலையாக இருந்தால், கலங்கல் நீரை அப்படியே வடிகாலில் விடக் கூடாது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற திடத்துகள் வரம்புக்குள் சுத்திகரித்த பிறகே வெளியேற்றலாம்.

வேலை முடிந்ததும், கட்டி முடித்த நிலையில் அளந்த தள மட்டம், முகட்டு மட்டம், தடுப்புத் தொட்டியின் கொள்ளளவு, வெளியேறும் துளையின் விட்டம், அளந்த தேதி ஆகிய ஐந்தும் உள்ள வரைபடத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து கையெழுத்துடன் வாங்கி நிர்வாக அலுவலகக் கோப்பில் வையுங்கள். அனுமதிக்குக் கொடுத்த வரைபடமும் கட்டி முடித்த வரைபடமும் ஒன்றல்ல. இறுதிக் கட்டணத்தைச் செலுத்துமுன் கேட்டால் இரண்டாவது எளிதாகக் கிடைத்துவிடும்.